ஒரே மாதிரி இரண்டு பனிப்பூக்கள்

இமயமலைச் சரிவில் ஒரு வளையில் பஞ்சி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. நல்ல தாய்தான். ஆனால் தெரியாத விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் பனி கொட்டியது. "விழுகிற ஒவ்வொரு பனிப்பூவும் ஒரு அழகு" என்றது பக்கத்துக் குகையில் இருந்த கரடி.

"என்ன பெரிய அழகு? எல்லாப் பனிப்பூவும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றது பஞ்சி அலட்சியமாக.

அந்த வளையின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த நரி காதைத் தீட்டிக்கொண்டது.

"அப்படியா பஞ்சியக்கா? ஒரே மாதிரி ரெண்டு பூ நாளைக்குக் கொண்டு வாங்க. நான் ஒரு வித்தியாசமாவது காட்டிட்டா வளை எனக்கு. காட்டலேன்னா இந்தப் பக்கமே வர மாட்டேன். கரடியண்ணன் சாட்சி."

ரோஷத்தில் பஞ்சி சரியென்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஒரு கறுத்த மரப்பட்டையில் பனிப்பூக்களை ஏந்தி ஏந்திப் பார்த்தது. ஒன்று நட்சத்திரம் போல இருந்தது. ஒன்று வெறும் தட்டையாக இருந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லவே இல்லை. இந்தக் குளிரில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

தெற்கே தமிழ்நாட்டுக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பிக்கொண்டிருந்த வரித்தலை வாத்து ஒன்று அங்கே இறங்கியது. பஞ்சி அதனிடம் விஷயத்தைச் சொன்னது.

"கிடைக்காது தங்கச்சி. நான் மேகத்துக்குள்ளேயே பறந்து வர்றவன். அங்கே மிதக்கிற ஒரு சின்னத் தூசியிலே நீராவி ஒட்டி உறையும். முதல்ல ஆறு மூலை உள்ள குட்டித் தட்டு. அப்புறம் மூலைக்கு ஒண்ணா கிளை விடும். கீழே வர்ற வழியிலே குளிரும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறும். அதுக்கேத்த மாதிரி கிளை நீளும், தடிக்கும். ரெண்டு பூவும் அச்சு அசலா ஒரே வழியிலே வந்து சேருமா?"

"அப்ப என் கதி அவ்வளவுதானா?" பஞ்சி பட்டையின் மேல் குனிந்து பெருமூச்சு விட்டது. அந்தச் சூட்டில் பட்டையிலிருந்த இரண்டு பூக்களும் உருகி இரண்டு துளிகளாயின. எது நட்சத்திரம், எது தட்டு என்று அதற்கே தெரியவில்லை. சட்டென்று அதன் காதுகள் நிமிர்ந்தன.

சாயங்காலம் புதிதாய் விழுந்த இரண்டு பூக்களை ஏந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு வந்து நரியின் முன் நீட்டியது. கரடி பக்கத்தில் நின்று பார்த்தது.

"தள்ளி நின்னா தெரியாது தம்பி. கிட்டே வந்து நல்லாப் பாரு" என்றது பஞ்சி.

மூக்கு இடிக்கிற அளவுக்கு நரி குனிந்தது. வளை கிடைக்கப்போகிற ஆசையில் அதற்கு மூச்சு வாங்கியது. "இதோ, இந்தக் கிளையிலே..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பூக்கள் உருகிவிட்டன.

"எந்தக் கிளை?" என்று கேட்டது கரடி.

"இது ஏமாத்து வேலை!" என்று நரி கத்தியது.

"அவ பூவாத்தான் கொண்டு வந்தா, நானே பார்த்தேன். ஊதி உருக வெச்சது நீ. வித்தியாசம் காட்டறதா சொன்னியே, காட்டு."

நரி துளிகளை மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டது.

பஞ்சிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. வளைக்குள் ஓடி, குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தது.

அடுத்தவர் வீட்டைப் பறிக்க அவசரப்படுகிறவன், அந்த அவசரத்தாலேயே தோற்றுப்போவான்.