ஏணி எட்டிய யன்னல்

புளியந்துறை நகரசபையின் தீயணைப்புப் பிரிவில் ஏழு பேர். தண்ணீர் பவுசர் வண்டி ஒன்று. சுவரில் சாத்தும் அலுமினிய ஏணி ஒன்று. அது இரண்டு மாடிக்கு மேல் எட்டாது.

பொறுப்பதிகாரி யேசுரட்ணம். அவரிடம் வேலை பழகியவன் குகதாசன். வயதில் அவரைவிட நான்கு வருடம் மூத்தவன். டோஹாவில் பன்னிரண்டு வருடம், நிலத்தில் ஊன்றி நிற்கும் கோபுரக் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவன். யேசுரட்ணம் அவனை அண்ணை என்று கூப்பிடுவார். அவனோ அவரைத் தன் குரு என்று சொல்லிக்கொள்வான். புகைக்குள் எப்படி மூச்சு விடுவது என்று காட்டித் தந்தவர் அவர்.

ஜப்பானில் ஒரு சிறு நகரம், இருபத்திரண்டு வருடம் ஓடிய தன் ஏணி வாகனத்தைப் புளியந்துறைக்கு அன்பளிப்பாக அனுப்பியது. கதவில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. ஆனாலும் சிவப்பு மங்கவில்லை. ஏணியை முழுதாக நீட்டினால் முப்பது மீற்றர்.

நகரசபைத் தவிசாளர் வந்து வாகனத்துக்கு மாலை போட்டார். படம் எடுத்தார்கள். எல்லாரும் போன பிறகும் குகதாசன் வாகனத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"சேர், எப்ப தூக்குவம்?"

"நாளைக்கு ஒரு இரும்புக் கம்பி கொண்டு வாங்கோ" என்றார் யேசுரட்ணம்.

மறுநாள் இருவரும் ஊருக்குள் போனார்கள். உயரமான கட்டிடம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, நிலத்தில் கம்பியைக் குத்தச் சொன்னார். கடலோரக் களப்பை மண் போட்டு நிரப்பி எழுந்த ஊர் அது. சில இடங்களில் கம்பி முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. சில இடங்களில் இறங்கவில்லை. எந்த நிலம் வாகனத்தைத் தாங்கும் என்று யேசுரட்ணம் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் அதே வேலை. அதற்கடுத்த நாளும்.

"சேர், ஏணி மேலே போற சாமான். நாங்கள் கீழே குத்திக்கொண்டு திரியிறம்."

"ஓம். இன்னும் பதினொரு கட்டிடம் இருக்கு."

"கடைத்தெருவுக்கு எப்ப போவம்?"

"அதுக்கும் வருவம்."

கடைத்தெரு என்று அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு கட்டிடம் எரிந்தது. மூன்றாம் மாடியில் தையல் கடை வைத்திருந்த அமிர்தலிங்கம் யன்னலில் நின்றார். அலுமினிய ஏணியின் கடைசிப் படியில் குகதாசன் நின்றான். இருவர் கைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் இருந்தது.

"தம்பி, குதிக்கட்டா?" என்று அவர் கேட்டார்.

"பொறுங்கோ ஐயா" என்றான் குகதாசன்.

அவர் பொறுத்தார். குதிப்பவரைத் தாங்கும் மெத்தை வந்து சேர்வதற்குள் புகை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு குகதாசன் கடைத்தெருவால் போவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழும்பிவிடுவான். பவுசரைக் கழுவினதையே திரும்பக் கழுவுவான். இப்போது முப்பது மீற்றர் ஏணி முற்றத்தில் படுத்திருந்தது. இவன் கையில் ஒரு கம்பி இருந்தது.

கம்பி குத்தத் தொடங்கிய ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைகள் பூட்டு. விடிந்தும் விடியாததுமாக குகதாசன் சாரதி நிமலனை எழுப்பினான்.

"ஒருக்கா கடைத்தெருவுக்குப் போட்டு வருவம்."

"சேர் சொன்னவரோ?"

"நான் சொல்லுறன்."

நிமலன் வாகனத்தை எடுத்தான். அந்தக் கட்டிடத்தின் முன் நிறுத்தினார்கள். வாகனம் சாயாமல் தாங்கும் பக்கவாட்டு இரும்புக் கால்கள் நான்கையும் இறக்கினார்கள். நிமலன் விசைகளின் முன் இருந்தான். ஏணி ஒவ்வொரு கட்டாக நீண்டு மேலே போனது. சத்தம்கூட அதிகம் இல்லை.

குகதாசன் ஏறினான். இரண்டாம் மாடியைத் தாண்டினான். மூன்றாம் மாடி யன்னல் அவன் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். உள்ளே பச்சைத் திரை தொங்கியது. கையை நீட்டி யன்னல் கட்டையைத் தொட்டான்.

தொட்ட கையை எடுக்கவில்லை.

அப்போது கீழே எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. வாகனத்தின் பின்பக்க இடது கால் வடிகானின் மூடியை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஏணி சுவரை விட்டு ஒரு முழம் விலகி நடுங்கியது. யன்னல் அவன் கையிலிருந்து போனது.

"அண்ணை!" என்று நிமலன் கத்தினான். பிறகு யேசுரட்ணத்துக்கு அழைப்பு எடுத்தான்.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேலே ஒரு தடவை பார்த்தார். நிமலனை விசையிலிருந்து கையை எடுக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டிட வேலையிடத்தில் கிடந்த பலகைகளை இழுத்து வந்து வடிகானுக்குள் அடுக்கினார். பிறகு புதைந்த காலின் அருகே குந்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அண்ணை, என்ரை குரல் கேக்குதோ?"

"கேக்குது சேர்."

"ஏணியை அசைக்க மாட்டன். நீங்கள் இறங்கி வாங்கோ. ஒரு படி. பிறகு ஒரு படி."

"கால் இன்னும் புதையுதோ?"

"அதை நான் பாக்கிறன். நீங்கள் படியைப் பாருங்கோ."

குகதாசன் இறங்கினான். இரண்டு தடவை ஏணி முனகியது. இரண்டு தடவையும் யேசுரட்ணம், "நில்லுங்கோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வாங்கோ" என்றார். அவன் நிலத்துக்கு வந்தபோதுதான் அவர் அந்த இரும்புக் காலிலிருந்து கையை எடுத்தார்.

வாகனத்தை வெளியே எடுக்கக் காலை ஒன்பது மணி ஆனது. அதுவரை யேசுரட்ணம் ஒரு கடும்சொல்லும் சொல்லவில்லை. நிலையத்துக்கு வந்ததும் நகரசபைச் செயலாளருக்கு அறிக்கை எழுதினார். எழுதியதைக் குகதாசனுக்கு வாசித்துக் காட்டினார். அனுமதி இல்லாமல் எடுத்தது, நிலம் பார்க்காமல் நிறுத்தியது, எல்லாம் அதில் இருந்தது.

"என்ரை வேலை போகுமோ சேர்?"

"தெரியாது."

குகதாசன் கதவுவரை போனான். திரும்பி வந்தான். மறுபடி கதவுவரை போனான்.

"எட்டிச்சுது சேர்" என்றான். "நான் தொட்டனான். அந்த யன்னலைத் தொட்டனான்."

யேசுரட்ணம் அவனைப் பார்த்தார்.

"இந்த ஏணி அண்டைக்கு இருந்திருந்தால், அந்த மனுசன் இண்டைக்கு இருந்திருப்பார். ஓம் எண்டு சொல்லுங்கோ சேர். இல்லை எண்டாவது சொல்லுங்கோ. ரெண்டு வருசமாய் என்னாலை ஓரிடத்திலை இருக்க ஏலாமல் கிடக்குது."

யேசுரட்ணம் அலுமாரியைத் திறந்து, தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாகனத்தோடை வந்தது. ஜப்பானிலை வேலை செய்த பிலோமினா அக்காவைக் கொண்டு வாசிப்பிச்சனான். நேற்றுத்தான் முடிச்சுத் தந்தவ."

ஜப்பானிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. குகதாசன் நின்றபடியே புரட்டினான். இந்தத் தேதி, ஆறாம் மாடி, தாயும் மகளும், இறக்கினோம். இந்தத் தேதி, நான்காம் மாடி, முதியவர், இறக்கினோம். பக்கம் பக்கமாக அப்படியே போனது. ஒவ்வொரு பதிவின் கீழும், கையொப்பம் போல, எழுதியவரின் சிறு சிவப்பு முத்திரை.

நடுவே ஒரு பக்கத்தில் அவன் கை நின்றது.

"ஐந்தாம் மாடி. ஒருவர். எட்டவில்லை."

அவன் அதை இரண்டாம் முறை வாசித்தான்.

"ஐஞ்சாம் மாடி தானே சேர். இந்த ஏணி அதுக்கு மேலேயும் போகுமே. ஏன் எட்டேல்லை?"

"காரணம் எழுதேல்லை."

"ஏணியிலை நிண்டவர் ஆர்?"

"அந்த முத்திரைக்காரர். ஏறினவர்தான் எழுதவேணுமாம்."

குகதாசன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். முத்திரையின் மேல் விரலை வைத்தான். வெளியே நிமலன் சக்கரத்துச் சேற்றைக் கழுவும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பிறகு அவர் என்ன செய்தவர் சேர்?"

யேசுரட்ணம் கையை நீட்டி, ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"அடுத்த நாள் காலமை எட்டு மணி. ஏணிக்குக் கிறீஸ் பூசினது" என்று வாசித்தார். "அதே முத்திரை."