சிப்பாய் பிடித்த புத்தாண்டு விரதம்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நாய் முதலில் விரதம் பிடித்ததா, கீரி முதலில் வந்ததா என்று எப்போதும் குழம்பிவிடுவேன். நாய்தான் முதலில். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையடிவாரத்தில், காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் சிப்பாய் என்ற நாயும், ஒரு சாம்பல் பூனையும், ஒரு செவலைக் கோழியும் வளர்ந்தன. கோழிக்கு ஏழு குஞ்சுகள். வேலிக்கு அப்பால் உண்ணிச்செடிப் புதரில் ஒரு கீரி இருந்தது. அதற்குக் குஞ்சுகள் மேலேயே கண். ஆனால் சிப்பாய் இரண்டே பாய்ச்சலில் வேலிக்கு வந்துவிடும். அந்தப் பயத்தில் கீரி புதரைவிட்டு வெளியே வராது.

அந்த மழைக்காலம் முழுக்க சிப்பாய் தின்றது, படுத்தது, எழுந்து மறுபடி தின்றது. மார்கழியில் அதற்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது, நாயா, நெல் மூட்டையா? சாப்பாட்டை அளந்து வைங்க. தினம் காலையில ஓட விடுங்க. இப்படியே விட்டா நாலு அடி வைக்கிறதுக்குள்ள மூச்சு முட்டிரும்!”

வீட்டுக்காரி செங்கமலம் தலையை ஆட்டினாள். அதைக் கேட்ட கோழி, டாக்டர் போனதும் நாயிடம் ஓடி வந்தது.

“அண்ணே, கேட்டீங்களா? உங்களை நம்பித்தானே ஏழு பிள்ளைகளையும் மேய விட்டிருக்கேன்!”

“பயப்படாதே தங்கச்சி! புது வருஷம் பிறக்கட்டும். ஒண்ணாந்தேதியிலிருந்து நான் வேற நாய்!”

“இன்னைக்கே ஆரம்பிச்சா என்ன?”

“இன்னைக்குத் தேதி நல்லா இல்லை!”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பூனை மெல்ல நகர்ந்து வந்தது. நாயின் தட்டில் தினமும் விழும் கருவாட்டுச் சோற்றின் மேல் அதற்கு வெகுநாள் ஆசை.

“அண்ணாச்சி, விரதம் இருங்க. அதுதான் உடம்புக்கு நல்லது. நம்ம அம்மா சனிக்கிழமை விரதம் இருக்காங்களே, பார்த்ததில்லையா? சோற்றைக் கையால தொட மாட்டாங்க.”

“ஐயையோ! பசிக்குமே!”

“எப்படிப் பசிக்கும்? காலையில இட்லி, மத்தியானம் உப்புமா, சாயங்காலம் சுண்டல். அதெல்லாம் பலகாரம் அண்ணாச்சி! பலகாரம் எங்கேயாவது சாப்பாட்டுல சேருமா?”

சிப்பாயின் வால் தானாக ஆடியது. “அப்போ என் கருவாட்டுச் சோறு?”

“சோற்றை வீணாக்கலாமா? உங்களுக்காக அந்தக் கஷ்டத்தை நான் ஏத்துக்கிறேன்!”

ஒண்ணாந்தேதி பிறந்தது. செங்கமலம் சோற்றை அளந்துதான் வைத்தாள். சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் பதறிவிட்டாள்.

“அடப் பாவமே, சோறு இறங்கலையே! உடம்புக்கு என்னவோ!”

டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. நாலு இட்லி வைத்தாள். இறங்கியது. மகிழ்ந்துபோய் இன்னும் இரண்டு வைத்தாள். மத்தியானம் உப்புமா, சாயங்காலம் சுண்டல். பூனை கருவாட்டுச் சோற்றை முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டது.

ஓடுவதற்கும் சிப்பாய் ஒரு வழி கண்டுபிடித்தது. நடந்தாலே போதும் என்று தெருமுனை டீக்கடை வரை நடந்தது. அங்கே வருபவர்கள் ஆளுக்கொரு துண்டு பன் போட்டார்கள். தின்ற களைப்பில் திரும்பி நடக்க முடியவில்லை. பால்காரர் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தது.

கோழிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

“அண்ணே, விரதம் பிடிச்சுப் பத்து நாள் ஆச்சு. உங்க வயிறு தரையைக் கூட்டுது!”

“அது விரதக் களைப்புல வந்த வீக்கம், தங்கச்சி.”

“காலையில ஆறு இட்லி தின்னீங்களே!”

“சோறு தின்னேனா? ஒரு பருக்கை தொட்டேனா? சொல்லு பார்ப்போம்!”

“உங்களோட பேசறதுக்கு அந்தச் சுவரோட பேசலாம்! அதுவாவது ஏப்பம் விடாம கேட்கும்!”

புதரிலிருந்து கீரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் வேலிக்கு உள்ளே தலையை நீட்டியது. சிப்பாய் படுத்தபடியே குரைத்தது. மறுநாள் கீரி இன்னும் நாலு அடி உள்ளே வந்தது. சிப்பாய் எழுந்து நின்று குரைத்தது. அதோடு சரி.

பொங்கல் முடிந்த மறுவாரம், நல்ல வெயில் நேரம். குஞ்சுகள் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தன. கீரி ஒளியாமல் முற்றத்துக்கே நடந்து வந்தது.

“அண்ணே! கீரி! கீரி!” என்று கோழி அலறியது.

சிப்பாய் எழுந்தது. ஓர் அடி வைத்தது. இரண்டாவது அடி வைத்தது. மூன்றாவது அடியில் நாக்கு வெளியே தள்ள, மூச்சிரைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

“என்ன சிப்பாயண்ணே, இன்னைக்கும் விரதமா? நீங்க உட்காருங்க, நானே எடுத்துக்கிறேன்!” என்றது கீரி.

கோழி இறக்கையை விரித்துக்கொண்டு அதன் முகத்தில் பாய்ந்தது, கொத்தியது. வால் இறகுகள் பிய்ந்து பறந்தன. சத்தம் கேட்டுச் செங்கமலம் துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள், ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு கீரி வேலி தாண்டிவிட்டது.

பூனை கூரைமேல் ஏறிக்கொண்டது. சிப்பாய் தலையைத் தொங்கப்போட்டு அழுதது.

“தங்கச்சி, என்னை மன்னிச்சிரு. எனக்கு இப்பத்தான் புரியுது.”

“என்ன புரியுது?” என்று கோழி கேட்டது.

“இந்த இங்கிலீஷ் வருஷப் பிறப்பு நமக்கு ஒத்துவராது. அதான் விரதம் பலிக்கலை. சித்திரை ஒண்ணு வரட்டும். நம்ம தமிழ் வருஷம்! அன்னையிலிருந்து பாரு, நான் வேற நாய்!”

கோழி அதை ஏற இறங்கப் பார்த்தது. மிச்சமிருந்த ஆறு குஞ்சுகளையும் கூப்பிட்டு, கொல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த, கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்துக்கு அடியில் போய் நின்றது. பிடித்து அடைக்க வந்தால் ஊரைக் கூட்டும் கோழி அது. இன்று, கவிழ்த்து மூடச் சொல்லி அதுவே செங்கமலத்தைப் பார்த்துக் கொக்கரித்தது. அவள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அன்றிலிருந்து அவள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கோழியும் குஞ்சுகளும் அதற்குள்தான்.

உடம்பைக் கவனிக்க நாள் பார்த்துக்கொண்டே இருப்பவர், தம்மை நம்பி இருப்பவர்களின் உயிரோடு விளையாடுகிறார்.