புல்லந்து ஏன் தலைகீழாக உட்காருகிறது

அந்தக் காலத்தில், பூச்சிகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, ஒரு மேய்ச்சல் புல்வெளியில் புல்லந்து என்றொரு சின்ன அந்துப்பூச்சி இருந்தது. சரியான ஊர்சுற்றி. முட்டையிடக்கூட ஓரிடத்தில் உட்காராது. பறந்தபடியே பொலபொலவென்று உதிர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். புழுக்கள் பொரிந்து, புல்லின் அடித்தண்டைத் தின்று தாமாகவே வளர்ந்துகொள்ளும். "பிள்ளை வளர்க்கிறதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று பெருமை வேறு.

ஒரு கோடையில், ஆடு மேய்க்கும் சடைச்சி கையில் கொள்ளிக்கட்டையோடு விறுவிறுவென்று வந்தாள். காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால்தான் முதல் மழைக்கு இளம்புல் கிளம்பும், ஆடுகளின் வயிறு நிறையும்.

புல்லந்துக்கு உயிரே போய்விட்டது. அவள் முகத்துக்கு நேரே போய்ப் படபடத்தது.

"அக்கா, கொளுத்திடாதே. என் பிள்ளைங்க உள்ளே இருக்கு."

சடைச்சி நின்றாள். நல்ல மனசுக்காரி. "எந்த இடம்னு காட்டு. அதை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கொளுத்துறேன்."

எந்த இடம்? வகையாக மாட்டிக்கொண்டது. பறந்துகொண்டே போட்டதற்கு அடையாளம் ஏது?

"இதோ, இங்கேதான்" என்று ஒரு புல்லில் உட்கார்ந்தது. விரித்த இறக்கை பக்கத்துப் புல்லில் இடித்தது. அதை உடம்போடு சுருட்டிக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு அடியில் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. சடைச்சி அடுத்த அடி வைத்தாள். ஐயோ, அங்கே இருந்தால்? விருட்டென்று கிளம்பி அவள் காலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. "இங்கேயும் இருக்கும் அக்கா." இன்னொரு அடி. "இங்கேயும்."

"ஏண்டி, எங்கே பெத்தோம்னு பெத்தவளுக்கே தெரியாதா?" சடைச்சி திட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். அது எழும்ப, இவள் நடக்க, புல்வெளி முழுக்கச் சுற்றியாகிவிட்டது. அதற்குள் கொள்ளி எரிந்து எரிந்து அவள் கையைச் சுட்டது. வெடுக்கென்று உதறினாள். கொள்ளி காய்ந்த புல்லிலேயே விழ, புல் பற்றிக்கொண்டது.

புல்லந்து ஓடவில்லை. நெருப்புக்கு எதிரே இருந்த புல்லில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, அடியில் தேடியது. அதைப் பார்த்ததும் சடைச்சிக்கு மனசு தாங்கவில்லை. வெறுங்காலாலேயே மிதி மிதியென்று மிதித்து நெருப்பை அணைத்தாள்.

"கொளுத்த வந்தவளை அணைக்க வெச்சிட்டியேடி" என்று நொண்டிக்கொண்டே திரும்பினாள். "போ, போய்ப் பிள்ளைங்களைத் தேடு. நாளைக்கு வேற யாராவது கொள்ளியோட வருவாங்க."

அன்றைக்குப் பிடித்த பயம்தான். இன்றும் நீங்கள் புல்லில் கால் வைத்தால், விருட்டென்று கிளம்பி, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, இறக்கையைச் சுருட்டிக்கொண்டு தலைகீழாகப் புல்லின் அடியைப் பார்க்கிறதே, நீங்கள் வெறுங்கையோடு வந்திருக்கிறீர்கள் என்று அதற்கு யார் சொல்வது?