எந்தக் கால்?

செவந்திங்கற புள்ளிமானுக்குக் கண்ணு தெரியாது. காட்டுத் தீயில போன கண்ணு. கால் நாலும் நல்லாத்தான் இருக்கு. அத ஞாபகம் வெச்சுக்குங்க.

அவளுக்கு ஒரே ஆசை. விடியக்கால, யாரும் கலக்குறதுக்கு முன்னாடி, குளத்துக்குத் தனியாப் போய்த் தண்ணி குடிக்கணும். பார்வை இருந்தப்ப தினமும் போனவதான். இப்போ மத்தியானம் யாராவது வந்து கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. அதுக்குள்ள தண்ணி சேறாயிரும்.

விடியக்கால தவளைச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பா. மூக்க அந்தப் பக்கம் திருப்புவா. ஈரக்காத்து மட்டும் வரும்.

வருஷா வருஷம் காட்டுல அரசு உதவி முகாம் நடக்கும். ஆபீசர் கரடி. அவர்கிட்ட ஒரே ஃபாரம். அதுல ஒரே கேள்வி.

"எந்தக் கால்?"

"கால் இல்லீங்க ஐயா, கண்ணு!"

"ஃபாரத்துல கண்ணு இல்லம்மா! எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஊன்றுகோல்! பிடி! அடுத்த ஆளு!"

மூணு வருஷம், மூணு ஊன்றுகோல். மூணையும் புதர்ல சாத்தி வெச்சதுல மைனா கூடு கட்டிருச்சு.

"அக்கா, இந்த வருஷமும் ஒண்ணு வாங்கிட்டு வா! எனக்கு மாடி கட்டணும்!"

"வாய மூடுடி! எனக்கு என்ன வேணும்னு நீயாவது கேட்டியா?"

மைனா கூட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிச்சு.

நாலாவது வருஷ முகாம். கரடி தலைய நிமிர்த்தாமலே கேட்டாரு.

"எந்தக் கால்?"

செவந்திக்கு எரிச்சல் தாங்கல.

"விடியக்கால்!"

கரடி அப்படியே எழுதி, சீல் குத்தி, ராஜாவுக்கு அனுப்பிட்டாரு!

யானை ராஜா அதப் படிச்சாரு. தன் கால ரெண்டு தடவ எண்ணிப் பாத்தாரு.

"முன்னங்கால் தெரியும், பின்னங்கால் தெரியும். இது என்னய்யா விடியக்கால்?"

கரடியக் கூப்பிட்டுக் கேட்டாரு. ராஜா அவரையும் இழுத்துக்கிட்டு நேரா செவந்தியோட புதருக்கே வந்துட்டாரு.

"ஏம்மா, உனக்கு என்னதான் வேணும்?"

தீ வந்த நாள்லேருந்து இந்தக் கேள்விய யாருமே கேட்டதில்ல.

"ஒரு கொடி, ராஜா. இங்கேருந்து குளம் வரைக்கும், என் மூக்கு உயரத்துல கட்டணும். உரசிட்டே போயிருவேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்! அதுக்குத்தான் இத்தன வருஷம்!"

ராஜா கரடியப் பாத்தாரு. கரடி ஃபாரத்தப் பாத்தாரு.

"அத ஏன்யா பாக்குற? மரத்துல ஏறிக் கொடிய அறுய்யா!"

அன்னைக்குப் பொழுது சாயறவரைக்கும் கரடியே மரத்துக்கு மரம் கொடி கட்டினாரு. திரும்புற இடத்துல எல்லாம் ஒரு முடிச்சு போடச் சொன்னா செவந்தி. அதையும் போட்டாரு.

மறுநாள் விடியக்கால, தவளை கத்துச்சு. செவந்தி கிளம்பினா. ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூணு. சில்லுனு தண்ணி மூக்குல பட்டுது.

உடனே குடிக்கல. கொஞ்ச நேரம் சும்மா நின்னா. அப்புறம் குடிச்சா.

அடுத்த முகாம்ல "எந்தக் கால்?"ங்கறத அடிச்சுட்டு "என்ன வேணும்?"னு எழுதியிருந்துது. வரிசையில முதல் ஆளு காது கேக்காத முயல். போன வருஷம் அதுக்கும் ஊன்றுகோல்தான் குடுத்திருந்தாங்க!

ஒவ்வொருத்தர் தேவையும் வேற வேற. அவங்களக் கேக்காம எல்லாருக்கும் ஒண்ணையே நீட்டுறதுக்குப் பேரு உதவி இல்ல, ஒப்பேத்துறது!