கதவில் இருந்த கை

துரைக்கண்ணுவின் பசை மூன்றாம் முறையும் விட்டுவிட்டது.

டப்பென்று ஒரு சத்தம். இழுவைக் கருவி கையோடு வந்தது. அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழ், குமிழின் முகத்தில் வட்டமாகப் பசை. கார்க் கதவில் ஒன்றுமில்லை. ஒடுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கதவு உங்களைப் பார்த்துச் சிரிக்குதுண்ணே," என்றார் கூட வேலை செய்யும் நியாமத், பக்கத்து வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

"பசை சரியில்லை."

"நேத்து குமிழ் சரியில்லைன்னீங்க."

"நேத்து குமிழும் சரியில்லை."

ஒசூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறை அது. வண்டித் தகட்டில் விழுந்த ஒடுக்கை, பெயின்ட் கெடாமல் நிமிர்த்துவதுதான் அங்கே வேலை. குமிழில் சூடான பசை வைத்து ஒடுக்கின் மேல் ஒட்டுவார்கள். பசை ஆறி இறுகியதும் இழுப்பார்கள். தகடு கூடவே எழும்பி வரும். முடிந்ததும் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் பசை தானாகக் கழன்றுகொள்ளும். பார்ப்பதற்குச் சுலபம்.

பட்டறையின் மேஸ்திரி கனகவல்லி. வயது முப்பத்து நான்கு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். பெயின்ட் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இனி ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரை மணிக்கு ஒரு தரம் டப்பியைத் திறந்து நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொள்வார். தேய்த்தால் மூச்சிரைப்பு கொஞ்சம் தணியும்.

முதல் நாள் கனகவல்லி வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. அதில் பாதிக்கு மேல் துரைக்கண்ணுவின் பெயின்ட் கடைக் கதைகள்.

இன்று எட்டாம் நாள். மருமகன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தார். ஒன்பது மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். யூனிஃபார்ம் தைக்கச் சட்டை அளவுகூடக் கேட்டுவிட்டார்கள்.

"இந்தக் கதவு வந்துட்டா இங்கேயே இருந்துக்கறேன். வரலைன்னா போயிடறேன்," என்று காலையில் இந்த வண்டி வந்ததுமே சொல்லியிருந்தார். "அத்தனை வருஷம் கதவுக்குப் பெயின்ட் அடிச்சேன். இனிமே கதவைத் திறந்து மூடணும். அப்படித்தான் எழுதியிருக்குன்னா என்ன பண்றது?"

"யார் எழுதினது?" என்று கேட்டார் கனகவல்லி.

துரைக்கண்ணு தைல டப்பியைத் திறந்தார்.

கார் கருநீலம். ஏழு மணிக்குக் கார்க்காரர் கொண்டுவந்து நிறுத்தினார். முன்கதவில் ஒரு கிண்ணம் அளவுக்கு ஒடுக்கு. உட்பக்கம் குறுக்கே இரும்புச் சட்டம் ஓடியதால் பின்னாலிருந்து தள்ள வழியில்லை. வெளியிலிருந்து இழுத்தால்தான் உண்டு. கனகவல்லி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்க்காரர் அவரைத் தாண்டி வந்து துரைக்கண்ணுவிடம் சாவியை நீட்டினார்.

"மேஸ்திரி, கம்பெனி பெயின்ட். ஒரு கீறல் விழக் கூடாது."

"பார்த்துக்கலாம் சார்."

சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. கனகவல்லி டார்ச்சை அணைத்தார்.

இப்போது மணி எட்டேகால். மூன்று முறை ஒட்டி மூன்று முறையும் விட்டாகிவிட்டது. துரைக்கண்ணு இழுவைக் கருவியைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஏன் பிடிக்க மாட்டேங்குது?"

"என்னென்ன பண்ணீங்க?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். ஒரு தரமில்லை, ரெண்டு தரம். வாட்டர் வாஷ்ல போட்ட மெழுகு பூரா போயிடுச்சு. குமிழையும் துடைச்சேன், உப்புத்தாள் வச்சு லேசாச் சொரசொரப்பு பண்ணினேன். பனிக்குத் தகடு சில்லுன்னு கிடக்கு, பசை பட்டவுடனே விறைச்சுக்கும். அதனால ஹீட் கன்னால இளஞ்சூடு காட்டினேன். பசையை நசுக்கிப் பிதுக்காம மெத்துன்னு வச்சேன். ஆற விட்டேன். இதுல ஒண்ணாவது தப்பா?"

"ஒண்ணுகூடத் தப்பில்லை."

"அப்போ பசைதான் தப்பு."

"பசை எதோட வந்துச்சு?"

"குமிழோட."

"குமிழை விட்டுச்சா?"

"விடலை."

"அப்போ பிடிக்கத் தெரிஞ்ச பசைதானே?"

துரைக்கண்ணு தைல டப்பியை எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

"குமிழைப் பிடிக்கிறது பெரிய விஷயமா? சின்னப் பொருள். இன்னும் கெட்டியான பசையாப் பார்த்து வாங்கணும் மேஸ்திரி. வச்சா கதவே பிடுங்கிட்டு வரணும்."

"கதவு வேணாம்ணே. ஒடுக்கு வந்தாப் போதும்."

பானெட்டுக்குள்ளிருந்து நியாமத்தின் சிரிப்பு கேட்டது.

"சிரிக்காதீங்க பாய்," என்றார் துரைக்கண்ணு. "இதே பசை, இதே குமிழ். மேஸ்திரி வச்சா ஒட்டுது, நான் வச்சா விடுது. அப்போ இது கைராசி. அதை ஒத்துக்கிட்டாப் போச்சு, நானும் கிளம்பிடுவேன்."

"கைராசின்னா என்னண்ணே?" என்றார் கனகவல்லி.

"கைராசின்னா... கையில இருக்கிற ஏதோ ஒண்ணு."

கனகவல்லி ஸ்பிரிட் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல்லேருந்து பண்ணுங்க. நான் பார்க்கறேன்."

"எட்டு நாளாப் பார்த்துட்டுத்தானே இருக்கீங்க?"

"நீங்க பார்க்கலையே."

துரைக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். குமிழில் இருந்த பழைய பசைத் துணுக்குகளை எடுத்தார். புதுத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தகட்டைத் துடைத்தார். துணியைத் திருப்பி மறுபடியும் துடைத்தார். தகடு குளிர்ந்து, கண்ணாடிபோல் கிடந்தது.

பிறகு வலது உள்ளங்கையை ஒடுக்கின் மேல் வைத்தார். கண்ணை மூடினார். கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஹீட் கன்னுக்குக் கை நீட்டினார்.

"நில்லுங்க," என்றார் கனகவல்லி.

கதவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முகத்தைத் தகட்டுக்கு அருகில் கொண்டுபோய் வாயைத் திறந்து மெதுவாக ஊதினார்.

குளிர்ந்த தகட்டில் மூச்சு வெள்ளையாகப் படர்ந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு கை எழும்பி வந்தது. ஐந்து விரல், உள்ளங்கை மேடு, குறுக்கே ஓடும் ரேகைகூட. சரியாக ஒடுக்கின் மேல்.

மூச்சு கலைந்தது. கையும் மறைந்தது. கதவு பழையபடி பளபளத்தது.

துரைக்கண்ணுவும் மண்டியிட்டார். அவர் நெஞ்சில் அவ்வளவு காற்று இல்லை. இரண்டு முறை இருமினார். மூன்றாம் முறை ஊதினார். அதே கை திரும்ப வந்தது. தன் கையை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"தைலம்," என்றார்.

நியாமத் இப்போது வெளியே வந்து நின்றிருந்தார். "அண்ணே, எண்ணெய்க் கை பட்ட இடத்துல பெயின்ட் பிடிக்காது, குழி குழியா விழும்னு எனக்கு அன்னிக்குச் சொன்னது யாரு?"

"அது பெயின்ட்."

"இது?"

துரைக்கண்ணு அவர் பக்கம் திரும்பவே இல்லை. கனகவல்லியிடம் சண்டைக்குப் போனார்.

"இத பாருங்க மேஸ்திரி. பெயின்ட் கடையில தினமும் பெயின்ட் அடிக்கிற துப்பாக்கியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். இங்கே எனக்குன்னு ஒரு துப்பாக்கி கிடையாது. அதனால கதவைத் தொட்டுக் கும்பிடறேன். இது ஒரு தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா?"

"பின்னே விடச் சொல்றீங்களா?"

"இல்லை. கும்பிடுங்க. கும்பிட்டுட்டுத் துடைங்க."

"துடைச்சிட்டுத்தானே கும்பிடணும்? அழுக்கு மேலேயா கும்பிடறது?"

"அழுக்கு மேலே கும்பிடுங்க. அப்புறம் எல்லாத்தையும் துடைங்க."

"கும்பிட்டதையுமா?"

"அதையும்தான்."

"சாமியைத் துடைச்சு எறியச் சொல்றீங்க!"

"சாமி போயிடாதுண்ணே. தைலம் போயிடும்."

சுவரிலிருந்த கடிகாரம் எட்டே முக்கால் காட்டியது. துரைக்கண்ணு ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார்.

முதலில் தன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கதவைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு துடைத்தார். துணி மாற்றித் துடைத்தார். இந்த முறை நெஞ்சு இழுத்தது. டப்பி பக்கம் போன கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தகட்டில் ஊதிப் பார்த்தார். வெள்ளை மட்டும் படர்ந்து, அப்படியே கலைந்தது. இளஞ்சூடு காட்டினார். குமிழில் பசை வைத்து ஒடுக்கின் நடுவில் ஒட்டினார்.

இனிக் காத்திருக்க வேண்டும்.

"பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"இழுக்கும்போது தெரியும்."

"அதுக்கு முன்னாடி தெரியணும்னா?"

"அசைச்சுப் பார்க்கணும். அசைச்சா விட்டுடும்."

போன் அடித்தது. மருமகன். துரைக்கண்ணு குமிழிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதில் வைத்தார்.

"மாமா, ஒன்பது ஆகப்போகுது. அவங்க கேக்கறாங்க. சரின்னு சொல்லிடட்டுமா?"

"பசை ஆறிட்டு இருக்கு மாப்பிள்ளை."

"என்னது?"

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க. நானே கூப்பிடறேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பையில் கார்ச் சாவி தட்டுப்பட்டது.

பசை ஆறியதும் கனகவல்லி தலையசைத்தார். துரைக்கண்ணு கருவியின் காலைக் கதவில் ஊன்றிப் பிடியை அழுத்தினார். சத்தம் வரப்போகிறதென்று தோள் தானாகச் சுருங்கியது. சத்தம் வரவில்லை. பிடி கனத்தது. அத்தனை நாளில் முதல் முறையாக ஏதோ ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒரே இழுப்பா இழுத்துடட்டுமா?"

"அஞ்சாறு தடவையா வரட்டும். தகடு நசுங்கினது ஒரு நொடியில. நிமிர்றதுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது."

ஐந்தாறு தடவையாக வந்தது. கடைசியில் ஒரு துளி அதிகமாகவே எழும்பிவிட்டது. கனகவல்லி கோடு போட்ட விளக்கைப் பிடிக்க, துரைக்கண்ணு பிளாஸ்டிக் குச்சியை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார். விளக்கின் கோடுகள் கதவின் மேல் வளையாமல் ஓடின; மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டதும் மீதிப் பசை தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. பெயின்ட்டில் கீறல் இல்லை.

அவர் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சட்டையை வேற யாருக்காவது தைக்கச் சொல்லிடுங்க."

பத்து மணிக்குக் கார்க்காரர் வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். எந்த இடத்தில் ஒடுக்கு இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"பிரமாதம் மேஸ்திரி," என்றார் துரைக்கண்ணுவைப் பார்த்து.

துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கார்க்காரர் கை நீட்டினார். துரைக்கண்ணு அந்தக் கையைத் தாண்டிப்போய்க் கனகவல்லியிடம் சாவியைக் கொடுத்தார்.

"மேஸ்திரி இவங்க சார். காலையிலேயே சொல்லியிருக்கணும். நான் படிக்க வந்தவன்."

கார்க்காரர் கனகவல்லியை அப்போதுதான் பார்த்தார். "ஓ... ஸாரிம்மா" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

வண்டி பைபாஸில் ஏறும்வரை துரைக்கண்ணு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"எல்லாம் சரி மேஸ்திரி. ஒரே ஒரு கேள்வி. இதை எட்டு நாள் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருக்க வேணாமில்லையா? இது எந்த ஊர் நியாயம்?"

"முதல் நாளே சொன்னேண்ணே."

"சொல்லவே இல்லை."

"சொன்னாங்க," என்றார் நியாமத். "துடைச்ச இடத்துல அடுத்து படவேண்டியது பசைதான், வேற எதுவும் படக் கூடாதுன்னு சொன்னாங்க. அந்தா, அந்த டேபிள்கிட்ட நின்னுதான் சொன்னாங்க. நானும் இருந்தேன்."

துரைக்கண்ணு டேபிளைப் பார்த்தார். நியாமத்தைப் பார்த்தார். கனகவல்லியைப் பார்த்தார்.

"அப்போ நான் எங்கே இருந்தேன்?"

கனகவல்லி ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"பெயின்ட் கடையில," என்றார்.