பவளாயி வாயை மூடினாள்

அந்தக் காலத்தில் தவளைக்கும் பேச்சு வந்தது, மீனுக்கும் பேச்சு வந்தது. கொள்ளிடம் கரை வழிந்து பரவும் படுகையில் மனுசக் காலடி கேட்டால் போதும், தவளைகள் முந்திக்கொண்டு குரல் கொடுக்கும். "யாருங்க? பாத்து வாங்க, அந்தப் பக்கம் வழுக்கும்!" என்று வழி சொல்லும். எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காது. அப்படி ஒரு வெகுளிக் கூட்டம். அதிலும் மகா வெகுளி பவளாயி என்ற தவளை.

ஐப்பசி வெள்ளத்தில் படுகை நிறைந்து கிடந்தபோது தில்லைக்கண்ணு வந்தான். அரசனுக்கு நிலம் பார்த்துச் சொல்லும் அதிகாரி. பேச்சில் தேன் ஒழுகும்.

"படுகையில யார் யார் இருக்கீங்கன்னு அரசர் தெரிஞ்சுக்க ஆசைப்படுறார், பவளாயி" என்றான்.

பவளாயிக்குத் தலைகால் புரியவில்லை. அரசர் நம்மைக் கேட்டாராமே! கோரைப் புல்லுக்குள் நுரைக்கூடு கட்டியிருந்த மரத்தவளைகளைக் காட்டினாள். குஞ்சுகளைக் காவல் காத்து நின்ற விராலைக் காட்டினாள். சேற்றில் சொகுசாகக் கிடந்த கெளுத்தி மீன் சடையனைக் கூப்பிட்டு வணக்கம் சொல்ல வைத்தாள். அதோடு விட்டாளா? கேட்காததையும் சொன்னாள்.

"கோடையில மட்டும் வந்துடாதீங்கய்யா. மண்ணுக்குள்ள பொதைஞ்சு தூங்குவோம். அப்ப வாயத் தொறந்தா ஒடம்புல இருக்குற கொஞ்ச ஈரமும் போயிடும், செத்துடுவோம்."

"அப்படியா சேதி?" என்று தில்லைக்கண்ணு கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

அரசனுக்குப் படுகையை வயலாக்கும் எண்ணம் இருந்தது. ஆனால் உயிர்கள் குடியிருக்கும் இடத்துக்கு வரும் ஆற்றை மறிக்கக் கூடாது என்று அந்த நாட்டில் ஒரு வழக்கம். அதிகாரி கரையில் நின்று உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் குடி உண்டு, வராவிட்டால் இல்லை. பாவம், இது பவளாயிக்குத் தெரியாது.

சித்திரை வெயிலில் படுகை பாளம் பாளமாக வெடித்த நாளில் தில்லைக்கண்ணு சாட்சிகளோடு வந்து நின்றான். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கூவினான்.

மண்ணுக்கடியில் பவளாயிக்குக் குரல் கேட்டது. நம்ம ஐயாதான், நாம் தூங்குவது அவருக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் அவள் மேலே வந்தபோது படுகைக்கும் ஆற்றுக்கும் நடுவே பெரிய மண்கரை எழுந்திருந்தது. அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. ஆறு எப்படியும் வந்துவிடும் என்று மழைக்குட்டையில் முட்டையிட்டாள். கரைக்கு அந்தப் பக்கம் கொள்ளிடம் பெருகி ஓடியது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் துடித்தன. கடைசியில் அசைவே இல்லை.

பவளாயி நேரே மண்கரைக்குப் போனாள். தில்லைக்கண்ணு அங்கே குடையின் கீழ் நின்று வேலையாட்களை ஏவிக்கொண்டிருந்தான்.

"நாங்க இருக்கோம்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

ஐயா என்று கூப்பிட்ட வாய் அது.

"நான் என்ன செய்ய, பவளாயி? கூப்பிட்டேன். நீங்க ஒருத்தரும் பதில் சொல்லல. வழக்கம்னு ஒண்ணு இருக்கே!" என்று அவன் சிரித்தான்.

"எப்ப தூங்குவோம்னு நான் சொன்னதக் கேட்டுக்கிட்டு, அப்பப் பாத்து வந்து கூப்பிட்டியே, பாவி! எம் புள்ளைங்க செத்துக் கெடக்குது, வந்து பாரு!"

"வேலை கெடக்கு, போ" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பவளாயி அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டிவிட்டது. கரையோரம் வளை தோண்டிய நண்டுகளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நண்டுகள் பேச்சை வளர்க்கவில்லை. மண்கரைக்குள் இறங்கிக் குடைந்தன. உள்ளே சல்லடையாகிப் போன கரையைக் கொள்ளிடம் ஒரே மோதலில் உடைத்துக்கொண்டு படுகைக்குள் பாய்ந்தது. சடையனும் விராலும் சேற்றை உதறிக்கொண்டு எழுந்தார்கள். தவளைகள் அத்தனையும் சேர்ந்து கத்திய கத்தலில் அரண்மனையில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை.

விடிந்ததும் அரசனே வந்து பார்த்தான். நெல் விளையப்போகும் இடம் என்று அவனிடம் சொன்ன இடத்தில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"குடியே இல்லைன்னு சொன்னியே, இவங்கல்லாம் யாரு?" என்று தில்லைக்கண்ணுவைக் கேட்டான்.

படுகையைத் தொடக் கூடாது என்று அரசன் உத்தரவிட்டான். இனிக் கரையில் நின்று கூப்பிடும் வேலையே வேண்டாம், வருசா வருசம் ஒவ்வோர் உயிரையும் கண்ணால் பார்த்து வந்து சொல் என்று அந்த வேலையைத் தில்லைக்கண்ணு தலையிலேயே கட்டினான்.

அரசன் போனதும் தில்லைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வந்தான். பழைய தேன் மறுபடி ஒழுகியது.

"பவளாயி, நடந்தது நடந்து போச்சு. யார் யார் எங்க இருக்கீங்கன்னு நீயே சொல்லிடேன். இந்த வயசுல என்னைச் சேத்துல எறக்காதே."

படுகை முழுக்கத் தவளைகள் இரைந்துகொண்டிருந்தன. பவளாயி அவனைப் பார்த்தாள்.

"நாங்க பதில் சொல்லலன்னுதானே எங்கள இல்லன்னு சொன்ன? இனிமே ஒனக்கும் பதில் இல்ல, ஒன் இனத்துக்கும் பதில் இல்ல. இருக்கோமா இல்லியான்னு எறங்கிப் பாத்துக்க."

சொல்லிவிட்டு வாயை மூடினாள். பக்கத்துத் தவளை மூடியது. அதற்கடுத்தது மூடியது. அவ்வளவு பெரிய படுகை சட்டென்று அடங்கிப்போனது. தில்லைக்கண்ணு கெஞ்சினான், அதட்டினான். ஒரு சத்தம் இல்லை. வேறு வழியின்றித் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் அசையாமல் நின்றான்.

அன்று முதல்தான் மனுசக் காலடி கேட்டதும் தவளைகள் வாயை மூடிக்கொள்கின்றன. பயத்தில் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அது பயமில்லை, ஆறாத கோபம். இன்றைக்கும் அவற்றைக் கணக்கெடுக்க வருகிறவர் எவ்வளவு படித்தவரானாலும் சரி, பவளாயியின் வம்சத்துக்கு மனம் இறங்கி மறுபடி குரல் எழும்பும்வரை தண்ணீருக்குள் கைகட்டிக் காத்து நிற்கத்தான் வேண்டும்.