இருபது எண்ணும் வரை

"இனிமேல் அந்த ஆளைப் பேச விடக் கூடாதும்மா" என்றார் மருதப்பர்.

மருதப்பருக்கு வயது அறுபத்தாறு. அவருடைய குரு ஞானாம்பாளுக்கு நாற்பத்து மூன்று. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. நோயாளிகளோடு வரும் உறவினர்கள் அங்கே சாப்பிடலாம், தங்கலாம்.

மடத்தில் ஒரு வழக்கம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அம்மா எதைத் தீர்மானித்தாலும் அது உடனே நடைமுறைக்கு வராது. மருதப்பர் எழுந்து நின்று, "மறுப்பு உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். கேட்பவர் மட்டும் மறுத்துப் பேசக் கூடாது.

கூச்ச சுபாவம் உள்ள மருதப்பருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இரண்டே சொல். மிச்சமெல்லாம் எண்ணிக்கை.

இருபது என்பது நீண்ட நேரம். கூட்டம் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். தையற்காரர் காத்தமுத்து மட்டும் மூன்றாவது முறையில், பதினைந்தாவது எண்ணில் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுக்க எழுவார்.

"ஒன்பது வருஷத்துல நானூத்திப் பன்னிரண்டு தடவை மறுத்திருக்கான்" என்றார் மருதப்பர். "சாமியே இல்லைங்கறான். மடத்துச் சோத்தைத் தின்னுட்டே சொல்றான்."

"சோறு நல்லா இருக்குங்கறாரா?"

"அதுல உப்புக் குறைச்சல்ங்கறான்."

அம்மா சிரிக்கவில்லை. மருதப்பர் விடவில்லை. நகராட்சித் தேர்தலில் நல்லவர் என்று அம்மா கைகாட்டிய வேட்பாளரை எதிர்த்து, அவன் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்ததையும் சொன்னார்.

"யார் ஜெயிச்சது?"

"அவன் சொன்ன ஆள்தான்."

"குழாய்ல தண்ணி வருதா?"

மருதப்பர் கொஞ்சம் தயங்கி, "வருது" என்றார்.

"நானூத்திப் பன்னிரண்டுல எத்தனை தடவை அவர் சொன்னது சரி?"

அந்தக் கணக்கை மருதப்பர் வைத்திருக்கவில்லை.

"கேட்கற வழக்கத்தையே நிறுத்திடலாமேம்மா."

"நிறுத்தலாம். வியாழக்கிழமை அதுக்கும் மறுப்பு உண்டான்னு கேளுங்க."

காத்தமுத்து என்ன சொல்வான் என்று மருதப்பருக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை அம்மா ஒரு தீர்மானம் சொன்னார். மாலைப் பூசையில் உட்காருகிறவர்களுக்கு மட்டுமே மடத்தில் தங்க இடம். கும்பிடாதவர்களுக்கெல்லாம் பாய் விரிப்பதா என்று, மடத்துக்கு அரிசி கொடுப்பவர்கள் பல நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருதப்பர் எழுந்து மறுப்பு உண்டா என்று கேட்டார். எட்டு எண்ணினார். மறுபடி கேட்டார். எட்டு. மூன்றாவது முறையும் எட்டு.

காத்தமுத்து தொண்டையைச் செருமியபோது மருதப்பர் உட்கார்ந்துவிட்டிருந்தார். தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வாழ்நாளில் அவர் செய்த முதல் கணக்குப் பிசகு அது. அன்று மத்தியானம் சோறு ருசியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய தங்கை வந்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சர்ச்சுக்காரரைக் கட்டிக்கொண்டு அன்னாள் என்று பெயர் மாற்றிக்கொண்டவள். அப்படி ஒரு தங்கை இருப்பதை அவர் மடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன். அவளுக்குப் பத்து நாள் தலைசாய்க்க இடம் வேண்டும்.

வாசலில் பெயர் எழுதுகிறவர் புது விதியைச் சொன்னார். அன்னாள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மருதப்பர் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனார். கழுவிவிட்ட ஈரத் தரையில் அவள் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

கால்மணி நேரம்தானே, பூசையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயேன் என்றார்.

"கும்பிடற இடத்துல உட்காரக் கசக்குமாண்ணே? படுக்க இடம் கிடைக்கும்னு உட்கார்ந்தா உன் சாமிக்கும் பொய், என் சாமிக்கும் பொய்."

அவர் தூக்குவாளியை நீட்டினார்.

"விடு, வராந்தா காத்தோட்டமா இருக்கு" என்று அவள் கஞ்சியை வாங்கிக்கொண்டாள். கை சுட்டது. ஜுரம்.

இரண்டு நாளும் அவள் வராந்தாவிலேயே கிடந்தாள்.

வியாழக்கிழமை மருதப்பர் எழுந்து நின்றார். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகக் கூட்டத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசினார்.

"போன வாரம் நான் இருபது எண்ணலை. எட்டுதான் எண்ணினேன். மூணு தடவையும். வேணும்னுதான் செஞ்சேன்."

அம்மா அவரையே பார்த்தார்.

"அந்தத் தீர்மானத்துக்கு மறுப்பு உண்டா?" என்றார் மருதப்பர்.

இருபது எண்ணினார். மறுபடி கேட்டு, இருபது எண்ணினார். மூன்றாவது முறை பதினைந்து கடந்தது. இருபதும் ஆயிற்று. செருமல் கேட்கவில்லை. அவர் உட்காரவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்றில் காத்தமுத்து எழுந்தார்.

"எங்க, இன்னைக்கும் பாதியில உட்கார்ந்துடுவீங்களோன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "எதிர்ல ஆஸ்பத்திரியில நெத்தியைப் பார்த்து ஊசி போடறதில்லை. பாய் கொடுத்து ஆள் சேர்க்கற அளவுக்கா உங்க சாமி நொடிச்சுப் போயிட்டார்? சாமி இல்லைங்கற எனக்கே அவரைப் பார்த்தாப் பாவமா இருக்கும்மா."

அரிசி கொடுப்பவர்களில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

போன வாரத் தீர்மானம் ரத்து என்றார் அம்மா. மருதப்பர் மூன்று முறை கேட்டார். மறுப்பு வரவில்லை.

மத்தியானமே அன்னாளுக்குப் பெண்கள் பகுதியில் ஜன்னலோரமாகப் பாய் கிடைத்தது. மருதப்பர் காத்தமுத்துவைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சியா? தெரியாமப் போச்சே" என்றார் காத்தமுத்து. "தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பேன்."

மருதப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார். விழுந்து கும்பிட்டார்.

"இந்த மடையனுக்குப் புத்தி வரணும்னுதானேம்மா, தெரிஞ்சே அப்படி ஒரு தீர்மானம் போட்டீங்க?"

"இல்லண்ணா" என்றார் ஞானாம்பாள். "சரின்னு நினைச்சுத்தான் போட்டேன்."